மூணாறு விடுதி வைஃபையில் லேப்டாப் திறக்கிறீர்களா?

சீசனில் விடுதி முழுக்க ஒரே வைஃபைதான். அங்கே உங்கள் லேப்டாப்புக்குக் காவல், ஃபயர்வால். அதன் விதிகளைச் செயலிகள் உங்களைக் கேட்காமல் மாற்ற விடாதீர்கள்.

• விண்டோஸில் விடுதி இணைப்பை ‘பப்ளிக்’ என்றே வையுங்கள். ‘பிரைவேட்’ வீட்டுக்கு மட்டும்.

• ஃபயர்வால் ‘அலோ’ கேட்டால், வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க ஏதோ ஒரு செயலி அனுமதி கேட்கிறது என்று பொருள். வெறுமனே இணையம் பார்க்கவும் மெயில் படிக்கவும் அது தேவையில்லை. சந்தேகமா? ‘கேன்சல்’ அழுத்துங்கள்.

• நிறுவும்போது அட்மின் அனுமதி பெற்ற செயலி, சத்தமில்லாமல் விதி சேர்க்க முடியும். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும்.

• ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ஃபயர்வால் அனுமதிப் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். நீக்கிய செயலியின் விதி மிச்சமிருந்தால் அதையும் நீக்குங்கள்.

• ஆன்லைன் மோசடியில் பணம் போனால், உடனே 1930-ஐ அழையுங்கள்.