கொல்லிமலையில் நீர்மூழ்கிப் பம்புகளை உபயோகிக்கும் முறை

முன்னர்ச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் ஜில்லாவில் அடங்கியுள்ள கொல்லிமலையின் மேற்பரப்பு, கடல்மட்டத்திற்குமேல் சுமார் 3,300 அடி முதல் 4,300 அடி வரை உயர்ந்துள்ளது. இம்மலை நாடுகளில் நெல் விளையும் வயல்கள் பள்ளத்தாக்குகளில் ஊற்று நீரைக்கொண்டு பயிராகின்றன. சாமையும் குச்சிக்கிழங்கும் சரிவுக் கொல்லைகளில் மழையை நம்பி விளைகின்றன. காப்பி, மிளகு, வாழை முதலிய தோட்டப் பயிர்கள் பெருகிய பிறகு, பள்ளத்திலுள்ள நீரை மேட்டிற்கு ஏற்றவேண்டிய அவசியம் உண்டாயிற்று. இதற்கு நீர்மூழ்கிப் பம்பு மிகவும் ஏற்றது. ஆயினும், அதைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் குடியானவர்கள் பெரும்பாலும் கிணற்றைப் பாராமல் அண்டை வீட்டாரின் மோட்டாரைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். இதனால் நேரும் நஷ்டம் சொற்பமன்று.

தரைமேல் வைக்கும் சாதாரணப் பம்பு நீரை இழுப்பதாகச் சொல்லப்படினும், உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை அகற்றுவதே செய்கிறது. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தமேயாகும். கடற்கரையில் இவ்வழுத்தம் சுமார் 34 அடி உயர நீரைத் தாங்கவல்லது. மலைமேல் காற்று இலேசானபடியால், 4,000 அடி உயரத்தில் அது சுமார் 29 அடியாகக் குறைந்துவிடுகிறது. குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், சமவெளியில் 22 அடி ஆழம் வரை எடுக்கும் பம்பு கொல்லிமலையில் 17 அல்லது 18 அடிக்குமேல் எடுக்கமாட்டாது. கீழ்நாட்டில் நன்றாய் ஓடிய பம்பை மலைக்குக் கொண்டுவந்து, அது கெட்டுவிட்டதென்று பழிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பம்பு நீருக்குள்ளேயே அமிழ்ந்திருந்தால் இழுக்கும் வேலை இல்லை. தள்ளும் வேலை ஒன்றே உண்டு. தள்ளுவதற்கு மோட்டாரின் பலத்தையும் குழாயின் உறுதியையும் தவிர வேறு எல்லையில்லை.

இவ்வகை யந்திரம் 1920-களில் ஆர்மாய்ஸ் அருதுனோவ் என்பவரால் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறுகளுக்காக உருப்பெற்றது. இப்போது கோயம்புத்தூரிலேயே ஏராளமாய்ச் செய்யப்படுகிறது. நீண்டு மெலிந்த உருளையான இதன் அடிப்பாகத்தில் மோட்டாரும், அதன்மேல் பம்பும் ஒரே அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டிற்கும் நடுவேயுள்ள சல்லடை வழியாக நீர் உட்புகும். பம்பினுள் இம்பெல்லர் எனப்படும் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் தன் பங்குக்கு நீரைச் சில அடி உயர்த்தும் அழுத்தத்தைச் சேர்த்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. ஆகையால், அதிக உயரத்திற்கு அதிக அடுக்குகள் தேவை. கவலைச் சாலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பலர் வரிசையாய் நின்று குடத்தைக் கைமாற்றுவதைப் போன்றது என்று சொன்னால் விளங்கும்.

பம்பு வாங்குமுன் இரண்டு அளவுகள் தெரிந்திருக்கவேண்டும். முதலாவது, கிணற்றில் ஊறும் நீர். வாடகைப் பம்பொன்றை இறக்கி, நீர்மட்டம் மேலும் இறங்காமல் நிலைத்து நிற்கும்படி வால்வைத் திருத்தி, 200 லிட்டர் பீப்பாய் எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பார்க்கவேண்டும். இதைப் பங்குனி, சித்திரையில் செய்வதே தகும். ஐப்பசி மழையில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். இரண்டாவது, ஏற்றவேண்டிய மொத்த உயரம். அதாவது இறைக்கும்போதுள்ள நீர்மட்டம் முதல் மேட்டுத் தொட்டி வரையிலான உயரத்தோடு குழாயின் உராய்வையும் கூட்டிய தொகை.

உதாரணமாக, பீப்பாய் 200 விநாடியில் நிறைந்தால் ஊற்று விநாடிக்கு 1 லிட்டர். நீர்மட்டம் 150 அடி ஆழத்திலும், தொட்டி கிணற்று வாயினின்று 100 அடி மேட்டிலும் இருந்து, உராய்வுக்கு 30 அடி சேர்த்தால் மொத்தம் 280 அடியாகும். லிட்டரை அடியால் பெருக்கி 250-ஆல் வகுத்தால் நீருக்கு வேண்டிய குதிரைச்சக்தி ஏறக்குறையக் கிடைக்கும். இங்கு அது 1.1. பம்பு தான் வாங்கும் சக்தியில் பாதியையே நீருக்குக் கொடுப்பதாய் வைத்துக்கொண்டால் 2.2 வரும். ஆகவே 3 குதிரைச்சக்தி மோட்டார் போதுமானது.

இதே கிணற்றில் 7½ குதிரைச்சக்தி மோட்டாரை இறக்கினால் நேர்வது என்ன? அது அதே உயரத்திற்கு விநாடிக்கு 3.3 லிட்டர் தள்ளும். ஊறுவதோ 1 லிட்டர். ஆறரை அங்குல ஆழ்குழாயில் அடிக்குச் சுமார் 6½ லிட்டர் நீரே நிற்கும். பம்பின்மேல் 100 அடி நீர் நின்றாலும் அது 650 லிட்டர்தான். ஐந்து நிமிஷத்திற்குள் அது தீர்ந்து, பம்பு காற்றை விழுங்கத் தொடங்கும். மோட்டாரைக் குளிரச் செய்வது அதன் பக்கமாய் ஓடும் நீரே ஆதலால், நீர் நின்றவுடன் சூடேறிச் சுருள் எரிந்துபோகும். விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லாமையால் பெரிய மோட்டாரின் வீண்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சுருள் கட்டும் கூலியும், கேபிளையும் குழாயையும் மேலே எடுத்து இறக்கும் கூலியும் மட்டும் தெரிகின்றன.

விநாடிக்கு 1 லிட்டர் அற்பமென்று எண்ண வேண்டுவதில்லை. ஆறு மணி நேரத்தில் அது 21,600 லிட்டராகும். மிளகுக்கொடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம் சொட்டுக்குழாயில் விட்டால் 2,160 கொடிகளுக்குப் பாயும். ஆனால் அதே நீரை ஓர் ஏக்கரில் 2 அங்குல உயரம் பரப்பிப் பாய்ச்ச 57 மணி நேரத்திற்குமேல் ஆகும். ஆழ்குழாய் நீரால் மேட்டில் பரப்பிப் பாய்ச்சும் சாகுபடி கொல்லிமலைக்கு ஒவ்வாதது.

அதற்குக் காரணம் மலையின் அமைப்பேயாகும். அடியிலுள்ள சார்னோக்கைட் என்னும் கடும்பாறையில் நீர் தங்க இடமில்லை. மேலேயுள்ள செம்மண்ணும் சிதைந்த கல்லுமே மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, பள்ளத்து ஊற்றுகளாய் மெல்ல விடுகின்றன. பாறை வெடிப்புகளில் அகப்படும் நீரும் அங்கிருந்து இறங்கியதே. எனவே வயலூற்றுக்கு மேலுள்ள சரிவில் ஆழ்குழாய் இறக்கி நாள்முழுதும் இறைத்தால், கீழ்வயலுக்குரிய நீரே மேலே எடுக்கப்படுகிறது. ஆகாயகங்கையாய் வீழ்ந்து புளியஞ்சோலை வழியாய்க் கீழ்நாட்டிற்குச் செல்லும் ஐயாறும் அத்தகைய ஊற்றுகளாலேயே கோடையில் ஓடுகிறது. மின் இணைப்பு விண்ணப்பத்திற்காக நிலத்தையும் கிணற்றையும் பார்த்துச் சான்று தரும் கிராம நிர்வாக அலுவலர், ஊற்றுக்கும் புதிய கிணற்றுக்கும் உள்ள தூரத்தை மனுதாரருக்கு எடுத்துக்காட்டினால், பிற்பாடு வரும் வயல் வழக்குகள் பல குறையும்.

பம்பை இறக்கும்போது கவனிக்கவேண்டியவை: நீர் நிரப்பும் வகை மோட்டாராயின் சுத்தமான நீரை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பின்பே இறக்கவேண்டும். கிணற்றின் அடியில் ஊன்றாமல், சேறு படியச் சில அடி இடம் விட்டுத் தொங்கவிடவேண்டும். கேபிளைப் பிடித்து இறக்குவது கூடாது. அதற்குத் தனிக் கயிறு உண்டு. மேற்சொன்ன 280 அடிக்குப் பம்பின் வாயில் சதுர செண்டிமீட்டருக்கு 8½ கிலோ அழுத்தம் இருக்குமாதலால், கீழ்ப்பகுதிக்குக் கனத்த குழாயே வேண்டும்.

மூன்று பேஸ் மோட்டார் ஓடியும் நீர் குறைவாய் வந்தால், அது எதிர்ப்பக்கம் சுழல்வதாய்ச் சந்தேகித்து, தேர்ந்த மின்பணியாளரைக்கொண்டு இரண்டு கம்பிகளை மாற்றிப் பார்க்கவேண்டும். காற்றுமழையில் மரம் விழுந்து ஒரு பேஸ் அற்றுப்போவது மலையில் சகஜம். மீதி இரண்டில் ஓடும் மோட்டார் சீக்கிரம் எரிந்துவிடும். ஆகையால் பேஸ் அற்றால் நிறுத்தும் கருவியையும், நீர் வற்றினால் நிறுத்தும் கருவியையும் ஸ்டார்ட்டருடன் சேர்த்தே வாங்குவது உசிதம். கோடையில் மட்டம் இறங்கும்போது, ஆறு மணி நேர ஓட்டத்தைக் காலை மூன்று, மாலை மூன்று எனப் பிரித்து, இடையில் கிணறு ஊற அவகாசம் கொடுக்கவேண்டும்.