சதைத் துணுக்கு சொல்லும் சேதி

"ரத்தமா போகுது டாக்டர், மூலந்தான். லேகியம் குடுங்க, போதும்." ரிஷிவந்தியம் பக்கம் என்னிடம் வருகிறவர்கள் பலர், நோய்க்குப் பெயரும் வைத்துக்கொண்டே வருகிறார்கள். கருணைக்கிழங்கு லேகியம் மூலத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயிலும் இதே மாதிரி ரத்தம் போகும். நாடி பார்த்து மட்டும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

ஆபரேஷன் செய்தால், வெட்டி எடுத்த குடலையும் பரிசோதிப்பார்கள். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் அந்த ரிப்போர்ட்டை மஞ்சள் பைக்குள்ளேயே வைத்திருந்தார். "அதான் கட்டிய எடுத்துட்டாங்களே, இனி எதுக்கு?" என்றார் மகன். பிரித்துப் பார்த்தால், நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தது! அன்றே திருப்பி அனுப்பினேன். கீமோ தேவையென்றால், ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை டாக்டர் டியூக்ஸ் 1932-லேயே ஒரு கணக்கு வகுத்தார். நோய் குடல் சுவருக்குள் நின்றால் ஏ; சுவரைத் தாண்டினால் பி; நிணநீர் முடிச்சுக்குப் போனால் சி. இன்றைய முறைகளுக்கும் இதுவே அஸ்திவாரம். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது?

2. எத்தனை முடிச்சுகளைப் பார்த்தார்கள்? குறைந்தது 12 பார்க்க வேண்டும். குறைவாகப் பார்த்துவிட்டு 'பரவவில்லை' என்றால் முழுக்க நம்ப முடியாது.

3. ரத்தக் குழாயிலோ நரம்பிலோ நோய் புகுந்திருக்கிறதா? கட்டியின் ஓரத்தில் செல்கள் தனித்தனியாகவோ, நான்கு வரை சேர்ந்தோ பிரிந்து நிற்கின்றனவா? இருந்தால், நோய் திரும்பும் அபாயம் அதிகம்.

4. எம்.எம்.ஆர். சோதனை செய்தார்களா? செல் பெருகும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது இது. அவை இல்லாவிட்டால், சிலருக்கு நோய் பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். அப்போது கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகளும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதலில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

ரிப்போர்ட் என்பது ஜாதகம் அல்ல, பயப்படாதீர்கள். அதில் கெட்ட குறி இருந்தால் 'காலம் முடிந்தது' என்று பொருளில்லை; 'சிகிச்சை இன்னும் முடியவில்லை' என்றுதான் பொருள். அதைப் பையிலேயே வைத்துவிடாதீர்கள்.