பிரித்தால் இடம் இருக்கிறதா?

கேள்வி: குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகிறது. உடம்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பீரோ நிறையத் துணி, போட ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிக் குவிக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் பிளவுஸ் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்குள் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் ஓட்டியிருப்பார் டெய்லர். முன்துணி, பின்துணி இரண்டிலும் பக்கத்துக்கு ஓர் இஞ்ச் பிரிக்க முடிந்தால் சுற்றளவில் மொத்தம் நான்கு இஞ்ச் கிடைத்துவிடும். கையையும் கூடவே பிரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அக்குளில் பிடிக்கும். பட்டு என்றால் யோசியுங்கள், பழைய ஊசித்துளை தெரியும். இளைத்தால் பிடித்துத் தைக்கலாம், மிச்சத் துணியை மட்டும் வெட்ட விடாதீர்கள். (சொல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள்!)

ரெடிமேட் குர்தியில் இந்த வசதி குறைவு. ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். வாங்கியே ஆகவேண்டுமென்றால் நாடா வைத்த பேண்ட் வாங்குங்கள். புடவைக்கு இந்தக் கவலையே இல்லை, உள்பாவாடை நாடாவைத் தளர்த்தினால் ஆயிற்று.

இளைத்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று இப்போதே சின்ன ஜீன்ஸ் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். பிரித்தும் சேராதவற்றை, சாயம் போவதற்குள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ கொடுத்துவிடுங்கள்.