தமனி நோயும் வாயில்லா உயிர்களும்

இதயத்தினின்று குருதியை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிந்து, சுவர் தடித்து, குருதி செல்லும் வழி குறுகுவதே தமனித் தடிப்பு நோய். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இது பெருங்காரணம். இந்நோயைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி விலங்குகளின் உடலில் நடத்திய சோதனைகளால் கிடைத்தது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனை எவ்வாறு நோக்குவது? முதலில் நடந்ததை உள்ளவாறு அறிதல் வேண்டும்.

முயல் காட்டியது

1908இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இக்னாத்தோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை ஊட்டினார். அவற்றின் தமனிகள் தடித்தன. புரதமே காரணம் என அவர் கருதினார். 1913இல் அதே நகரில் அனிச்கோவ், கலாத்தோவ் என்னும் இருவர், தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு அளித்தனர். அதே தடிப்புத் தோன்றியது. கொலஸ்டிராலின் பங்கு புலனாயிற்று.

எலி மறுத்தது

ஆனால் எலிக்கும் நாய்க்கும் அவ்வாறு ஊட்டியபோது நோய் எளிதில் தோன்றவில்லை. முயல் தழையுண்ணும் உயிர். கொலஸ்டிரால் அதன் இயற்கை உணவில் இல்லை. எலியின் கல்லீரலோ மிகுதியான கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றவல்லது. எனவே முயலில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா எனப் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர்.

1970களில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பூஞ்சையிலிருந்து கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். எலிகளிடம் அது பயன் தரவில்லை. ஆய்வே கைவிடப்படும் நிலை வந்தது. பின்னர் கோழியிலும் நாயிலும் பயன் தெரிந்தது. ஸ்டாட்டின் எனப்படும் அவ்வகை மருந்துகளில் முதலாவது 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மனிதர் அளித்த சான்று

1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய ஆய்வு, 5,209 ஆண் பெண்களின் உடல்நிலையைப் பல்லாண்டுகள் கவனித்தது. உயர் இரத்த அழுத்தம், மிகு கொலஸ்டிரால், புகைபிடித்தல் ஆகியவை இதயநோய்க்கு வழிகோலுவதை அது மனிதரிடமே காட்டியது.

நாம் கொள்ள வேண்டியவை

விலங்குச் சோதனையால் பயனே விளையவில்லை என்பது உண்மையன்று. அஃதின்றி வேறு வழியே இல்லை என்பதும் உண்மையன்று. பயன் விளைந்தமையால் அவ்வுயிர் பட்ட துன்பம் இல்லையென்று ஆகிவிடாது. அகிம்சையைக் காக்கப் பொய்யின் துணை வேண்டியதில்லை.

ரஸ்ஸல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். 2023இல் இந்திய அரசும் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு சாராச் சோதனை முறைகளுக்கு இடமளித்தது.

நம் கடமையும் ஒன்றுண்டு. புலால் உண்ணாமை ஒன்றே தமனியைக் காக்கும் என்று இருந்துவிடலாகாது. நெய்யும் எண்ணெயில் பொரித்த பண்டங்களும் அளவோடு நிற்க வேண்டும். புகை அறவே கூடாது. நாள்தோறும் நடத்தல் நன்று. வாயில்லா உயிர்கள் துன்புற்றுத் தந்த அறிவை வீணாக்காதிருப்பதும் அவற்றுக்கு நாம் செலுத்தும் கடனாகும்.