பருத்தி இழையை அறிவோம். உரிய விலையைப் பெறுவோம்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் காடுகளில் பருத்தி காலங்காலமாக மானாவாரியாகப் பயிராகி வருகிறது. ஒரே ஊரில், ஒரே நாளில் விற்ற இருவரின் பருத்திக்கு இரண்டு விலை கிடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதற்குத் தரகரின் பேச்சு மட்டுமே காரணமல்ல. நாம் எடையைப் பார்த்து விற்கிறோம். ஆலைக்காரர் இழையைப் பார்த்து வாங்குகிறார். ஆகவே இழையின் குணங்களை நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

இழை என்பது என்ன?

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலின் ஒரே ஓர் உயிரணு நீண்டு வளர்ந்ததாகும். இது பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் மாவியப் பொருளால் ஆனது. ஆட்டுக் கம்பளியோ புரதத்தால் ஆனது. கம்பளியைக் கொளுத்தினால் தலைமயிர் கருகும் வாடை வரும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். துணி வாங்கும்போது ஏமாறாமலிருக்க இச்சோதனை உதவும்.

கம்பளி நனைந்தால் வலுவிழக்கும். பருத்தி நனைந்தால் முன்னைவிட வலுப்பெறும். கல்லில் அடித்துத் துவைத்தாலும் வேட்டி, சேலை தாங்குவது இதனால்தான். வியர்வையை நன்கு உறிஞ்சுவதால் நம் வெயிலுக்கு ஏற்ற உடையும் இதுவே.

இழை வளரும் விதம்

இழையின் வளர்ச்சியில் இரு கட்டங்கள் உண்டு. பூ பூத்த நாள் முதல் 20-25 நாட்கள் வரை இழை நீளத்தில் வளர்கிறது. இது முடியுமுன்பே தொடங்கி, காய் வெடிக்கும் 45-50ஆம் நாள் வரை இழையின் உட்சுவர் படிப்படியாகத் தடிக்கிறது.

முதல் கட்டத்தில் ஈரம் குறைந்தால் இழை குட்டையாகும். இரண்டாம் கட்டத்தில் ஈரம் குறைந்தால் சுவர் தடிக்காமல் இழை முதிர்ச்சியற்றுப் போகும். முதிர்ந்த இழை காய்ந்தவுடன் நாடா போலத் தட்டையாகி முறுக்கிக் கொள்ளும். இம்முறுக்குகளே இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நூலாக்குகின்றன. முதிராத இழை எளிதில் அறும். நூலில் சிறு முடிச்சுகளாகத் திரளும். சாயமும் சீராக ஏறாது.

புரட்டாசியில் விதைத்த பயிர் கார்த்திகை, மார்கழியில் பூத்து, மழையின் ஈரத்திலேயே காய் பிடிக்கும். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் தையில்தான் பூக்கும். காய் முற்றும் மாசி, பங்குனியில் நிலம் காய்ந்திருக்கும். எனவே வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பே விதைப்பதும், சால் பிடித்து மழைநீரை நிலத்திலேயே நிறுத்துவதும் மகசூலுக்கு மட்டுமன்றி இழைத் தரத்திற்கும் உதவுபவை.

ஆலைக்காரர் பார்ப்பவை

1. நீளம்: 20 மி.மீ.க்கு உட்பட்டது குட்டை இழை, 20.5 முதல் 24.5 வரை நடுத்தரம், 25 முதல் 27 வரை நடு நீளம், 27.5 முதல் 32 வரை நீளம். அதற்கு மேல் மிக நீளம்.

2. நுண்மை, முதிர்ச்சி, வலிமை: மெல்லிய, முதிர்ந்த, வலுவான இழையிலிருந்துதான் உயர் நம்பர் நூல் நூற்க முடியும். 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் நூலின் நீளம் 33,600 கெஜம்.

3. சுத்தம்: இலைத்தூள், கறை, சணல், பிளாஸ்டிக் இழை ஆகியவை இருத்தலாகாது.

4. பஞ்சு வீதம்: 100 கிலோ விதைப் பருத்தியில் 33 கிலோ பஞ்சு தருவதற்கும் 36 கிலோ தருவதற்கும் வாங்குபவருக்கு 3 கிலோ பஞ்சு வித்தியாசம்.

எந்த இரகம்?

நீள இழைக்கு நல்ல விலை உண்டு என்பதால் எல்லா நிலத்திலும் அதையே பயிரிடுவது சரியாகாது. ஆழமான கரிசலும் ஒரு பாசனத்திற்கேனும் கிணற்று நீரும் உள்ளவர்கள் நீள இழை இரகங்களை நம்பலாம். மண் ஆழம் குறைந்து, மார்கழியோடு ஈரம் வற்றும் காடுகளில் நீள இழை முதிராமல் போய், எதிர்பார்த்த விலையும் கிட்டாது. அங்கே வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கும் கருங்கண்ணி ஏற்றது. இதன் இழை குட்டையாகவும் பருமனாகவும் இருப்பினும் செலவு குறைவு. 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கே 11, கே 12 ஆகிய கருங்கண்ணி இரகங்களும், மானாவாரிக்கேற்ற கே.சி. 3 இரகமும் வெளியிடப்பட்டுள்ளன.

வீட்டிலேயே சோதிக்கலாம்

விதையிலிருந்து சிறிது பஞ்சைப் பிரித்து, இரு கைவிரல்களால் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நாலைந்து முறை இவ்வாறு செய்தால் இழைகள் நேராகும். அதைக் கறுப்புத் துணியில் வைத்து அளவுகோலால் அளந்தால் நீளம் ஏறத்தாழத் தெரியும். 30 கிராம் விதைப் பருத்தியைக் கையால் பிரித்துப் பஞ்சை நகைக்கடைத் தராசில் நிறுத்தால் பஞ்சு வீதத்தைக் கணக்கிடலாம். விலை பேசுமுன் இவ்விரண்டும் கையில் இருக்கட்டும்.

எடுப்பிலும் சேமிப்பிலும் கவனம்

• காலை 10, 11 மணிக்குள் எடுங்கள். வெயில் ஏறினால் காய்ந்த இலைகள் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும்.

• நன்கு வெடித்த காய்களிலிருந்து மட்டும் எடுங்கள். கறை பட்டதையும் கொட்டுப் பருத்தியையும் தனியே வையுங்கள்.

• நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பஞ்சு மஞ்சளிக்கும்.

• யூரியாச் சாக்குகளில் அடைக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் இழை நெய்த துணியில் சாயம் ஏறாத கோடாகத் தெரியும். பருத்தித் துணிப் பைகளே சிறந்தவை.

• எடைக்காக நீர் தெளிப்பது பூஞ்சணத்தை வரவழைக்கும், விலையையும் குறைக்கும்.

• இரகங்களைக் கலக்காதீர்கள். கலப்புப் பருத்திக்குக் குட்டை இழையின் விலையே பேசப்படும்.

இக்குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு இல்லை. கவனம் ஒன்றே போதும். இவற்றைக் கடைப்பிடித்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தரம் பிரித்து விற்று, உழைப்பிற்கேற்ற ஊதியம் பெறுவீர்களாக!