காசும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும்

மதுரை மாசி வீதிகளில் எக்கடையில் நுழைந்து பொருள் வாங்கினாலும், இன்று நம் செவியில் விழும் வினா ‘கேஷா, ஜீபேயா?’ என்பதாகும். இந்தக் ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்றும், ஆங்கிலேயர் நம்மிடம் கடனாகப் பெற்ற சொல்லையே நாம் திரும்பப் பெற்றுள்ளோம் என்றும் மேடைகளில் முழங்கக் கேட்கின்றோம். கைதட்டலும் எழுகின்றது. தமிழ் பயில்வோர் கைதட்டுமுன் இக்கூற்றை ஆராய்தல் வேண்டும்.

ஆங்கில அகராதிகளைப் புரட்டின், ‘கேஷ்’ ஒரு சொல் அன்று, இரு சொற்கள் என்பது புலனாகும். ஒலியும் எழுத்தும் ஒன்றே, பிறப்பு வேறு. கடைக்காரர் வினவும் ‘கேஷ்’ கைப்பணத்தைக் குறிப்பது. அதன் மூலம் பெட்டி எனப் பொருள்படும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாகத் திரிந்து, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலம் புகுந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பின்னர் பெட்டியினுள் இருக்கும் பணத்துக்கே பெயராயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

மற்றொரு ‘கேஷ்’ உண்டு. அது தென்னாட்டிலும் கீழை நாடுகளிலும் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். இதுவே நம் காசு. போர்த்துக்கீசியர் காசினைத் ‘காய்ஷா’ என எழுதினர். அவர்கள் மொழியில் ‘காய்ஷா’ என்பதற்குப் பெட்டி என்பதே பொருள். அதுவும் ‘காப்சா’வின் வழிவந்ததே! புதுச்சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் வடிவில் வார்த்துக்கொண்டனர் போலும். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். நடுவே சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கும் இப்பெயரையே இட்டனர். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்நாணயப் பெயரைத் தமிழ்க் காசுடனும், அதற்கு அப்பால் ‘கர்ஷ’ என்னும் வடசொல்லுடனும் இணைக்கின்றது.

காசின் பழமைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்கொல்லன் நகநுனியில் பற்றிய பொற்காசினை உவமையாக்குவார். அக்காசு செலவுக்கு அன்று, அணிகலனுக்கு. காசுமாலை அணியும் வழக்கம் இன்றும் நம்மிடையே உள்ளதன்றோ? வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ‘காசு’ ஒன்று என்பதை மாணவர் அறிவர். ‘காசறு’ என்னுமிடத்தோ அச்சொல் குற்றத்தைக் குறிக்கும். பிற்காலப் பாண்டியர் செப்புக் காசுகளில் ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்னும் தமிழ் எழுத்துப் பொறிப்புகளைக் காணலாம்.

கும்பினியார் ஆட்சியில் சென்னை மாகாணக் கணக்கு இவ்வாறு இருந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818-இல் ரூபாய் முறை இதனை அகற்றிற்று. ‘பணம்’ என்பதும் அந்நாளில் ஒரு நாணயத்தின் பெயரே என்பதை இன்று எத்துணைப் பேர் எண்ணுகின்றனர்?

1808-ஆம் ஆண்டு பொறித்த இருபது காசு நாணயம் நம் உள்ளத்தை ஈர்ப்பது. இங்கிலாந்தின் சோகோ அக்கசாலையில் அடிக்கப்பெற்றது அது. ஒருபுறம் கும்பினியின் சின்னம். மறுபுறம் ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ் ஆகும்’ எனப் பொருள்படும் பாரசீக வாசகம். இங்குத் தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரே செப்புத் தகட்டில் அருகருகே அமர்ந்துள்ளன. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம்மவர் ஊதியத்தை ‘ஃபுலூஸ்’ என்பது இச்சொல்லே. அதனைப் பை எனப் பொருள்படும் ‘ஃபோலிஸ்’ என்ற இலத்தீன் சொல்லுடன் அறிஞர் இணைப்பர். அங்குப் பெட்டி, இங்குப் பை!

இந்நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அவற்றைப் பெருமளவில் வெளிக்கொணர்ந்தனர். தமிழ்நாட்டுச் சந்தைகளில் புழங்கியிருக்க வேண்டிய காசுகள் இன்று நாணயம் சேர்ப்போர் பேழைகளில் உள்ளன.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949 வரை நீடித்தது. அங்குக் கடைசியாக அடிக்கப்பெற்ற காசிலும் ‘ஒன் கேஷ்’ என்றே ஆங்கிலத்தில் பொறித்தனர்.

ஆக, மேடைப் பேச்சாளர் திருவிதாங்கூர்க் காசினைக் காட்டி உரிமை கோரின், அது முற்றும் மெய். கடைக்காரரின் ‘கேஷ்’ஷைக் காட்டிக் கோரின், சான்று இல்லை. வங்கிகளில் ‘கேஷியர்’ என்பதற்குக் ‘காசாளர்’ என எழுதியுள்ளனர். கேஷியர் பெட்டிக்கு உரியவர். காசாளர் காசினை ஆள்பவர். ஒலி ஒத்தது தற்செயலே. ஆயினும் இதனினும் பொருத்தமான மொழியாக்கம் கிடைத்தல் அரிது.