பழைய பந்தயக் காருக்கு 340 கோடி: அந்த விலை எங்கே பிறந்தது?

கேள்வி: 1962-இல் செய்த ஃபெராரி கார் ஒன்று 340 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகப் படித்தேன். ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது. வயதைப் பார்த்தால் எடைக்குப் போட வேண்டிய வண்டி. இவ்வளவு விலை எப்படி வந்தது? யார் ஆரம்பித்து வைத்தது?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: நீங்கள் படித்தது ஃபெராரி 250 ஜிடிஓ பற்றி. 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் அது 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 340 கோடி ரூபாய். எடைக்குப் போட வேண்டிய வயது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாடல் கார்கள் உண்மையிலேயே அந்த நிலைமை வரைக்கும் போய்த் திரும்பியவை.

இத்தாலியில் 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 ஜிடிஓதான் செய்தார்கள். மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், ஏறத்தாழ 300 குதிரைத்திறன். அந்தப் பிரிவில் பந்தயம் ஓட வேண்டுமானால் 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது புது மாடலே இல்லை, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் 250 ஜிடியைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று என்ஸோ ஃபெராரி வாதாடி அனுமதி வாங்கிவிட்டார். அந்த வாதம் எடுபடாமல் போயிருந்தால் இன்றைக்கு நூறு ஜிடிஓ இருந்திருக்கும், விலையும் வேறாக இருந்திருக்கும். அமெரிக்காவில் புதுக் காரின் விலை 18,500 டாலர். அப்போது டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. ஆக, சுமார் 88,000 ரூபாய். கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது, யாருக்குக் கொடுக்கலாம் என்பதை என்ஸோவே பார்த்து முடிவு செய்தார்.

மூன்று வருஷம் தொடர்ந்து ஜிடி பிரிவின் உலகப் பட்டத்தை ஃபெராரிக்கு வாங்கிக் கொடுத்த கார் அது. அதற்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த புதிய கார்கள் வந்துவிட்டன. தோற்கப்போகிற பந்தயக் காரை யார் வாங்குவார்கள்? வீட்டு உபயோகத்துக்கும் ஆகாது. சத்தம், சூடு, பின்னால் சாமான் வைக்க இடமில்லை.

சேஸிஸ் எண் 3589 என்ற ஒரு காரைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும். 1962-இல் இங்கிலாந்துப் பந்தயங்களில் ஓடிய கார் இது. பிறகு அது அமெரிக்கா போய், டெக்சாஸ் பந்தயக் குழு ஒன்றிடம் ஓடியது. ஓட்டி முடித்ததும் அங்கே விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு அதை இனாமாகக் கொடுத்துவிட்டார்கள். பையன்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்கு! 1972-இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவுக்குக் கொண்டுபோய், திறந்த டிரெய்லரில் ஏற்றியபடியே வெட்டவெளியில் விட்டுவிட்டார். உலகப் பட்டம் வாங்கிய மாடல், மழையிலும் பனியிலும் ஏறக்குறைய பதினைந்து வருஷம் கிடந்தது. 1980-களின் கடைசியில்தான் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவர் அதை மீட்டார்.

அந்தப் பதினைந்து வருஷத்தில் காரில் ஒரு போல்ட்கூட மேம்படவில்லை. மாறியது வெளியே இருந்த மனிதர்கள்.

பழைய காரைப் போற்றுகிற பழக்கம் அதற்கு முன்பே உண்டு. இங்கிலாந்தில் 1930-இலேயே பழங்காலக் கார்களுக்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1934-இல் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தனிச் சங்கம் வந்தது. ஆனால் அது ஆசைக்காரர்களின் உலகம், அங்கே பெரிய பணம் புழங்கவில்லை. 1962-இல் வேலிக்கு வெளியே நின்று ஜிடிஓ பறப்பதைப் பார்த்த பையன்கள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் பணம் வந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் நல்ல உதாரணம். அவருடைய அப்பா பென்ட்லியில் பந்தயம் ஓட்டியவர், பந்தயங்களைப் படமும் எடுத்தவர். மகன் 1970-களின் பிற்பகுதியில் சுமார் 37,000 பவுண்டு கொடுத்து ஒரு ஜிடிஓ வாங்கினார். அந்தக் காலத்தில் அது நல்ல வீடு வாங்குகிற பணம். இன்றும் அதைப் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள் என்பதால்தான் எனக்கு அவர் மீது பெரிய மரியாதை.

1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தார். ஜப்பானில் நிலமும் பங்கும் தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பணம் ஃபெராரி மீது பாய்ந்தது. 1989-90-இல் ஜிடிஓ ஒரு கோடியே 30 லட்சம் டாலரைத் தொட்டது. ஜப்பானியச் சந்தை சரிந்ததும் காரும் சரிந்தது. நாலைந்து வருஷத்துக்குள் அந்த விலையில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் பலர் நொடித்துப் போனார்கள். 2008-க்குப் பிறகு வங்கி வட்டி அடிமட்டத்துக்குப் போனபோது மறுபடி ஏற்றம் தொடங்கியது. 2014-இல் 3 கோடியே 81 லட்சம் டாலர், 2018-இல் நீங்கள் படித்த விலை. அதே 2018-இல் இன்னொரு ஜிடிஓ ஏலத்துக்கு வராமலே சுமார் 7 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

கேள்வி: அப்படியானால் குறைவாகச் செய்த கார் எதுவாக இருந்தாலும் விலை ஏறிவிடுமா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: ஏறாது. விற்காததால் குறைவாகச் செய்யப்பட்ட கார்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. எண்ணிக்கை பேச வேண்டுமானால் முதலில் ஆசைப்பட ஆள் வேண்டும்.

ஜாகுவார் இ-டைப்பைப் பாருங்கள். 1961-இல் வந்தது, எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அழகில் ஜிடிஓவுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது என்பது என் கருத்து. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள இ-டைப் ஏதோ ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலருக்குக் கிடைத்துவிடும். அதே காரைப் பந்தயத்துக்காக அலுமினிய உடலோடு 1963-64-இல் 12 மட்டும் செய்தார்கள். அதில் ஒன்று 2017-இல் 73 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த அலுமினியக் கார்களுக்கு ஜாகுவார் 18 எண்கள் ஒதுக்கியிருந்தது, 12-ஐத்தான் பயன்படுத்தியது. மிச்சமிருந்த ஆறு எண்களுக்கு 2014-இல் ஆறு கார்களைப் புதிதாகச் செய்து, ஒவ்வொன்றையும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. நிலம் வாங்கும்போது நாம் மண்ணைப் பார்ப்பதைவிட மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எவ்வளவு நேரம் பார்க்கிறோம்? பல கோடிக்குப் பழைய கார் வாங்குகிறவரும் அப்படித்தான். சேஸிஸில் அடித்த எண் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்துகிறதா, எஞ்சின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் அதே காருடையவையா, இந்த நாளில் இந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதற்குப் புகைப்படம் உண்டா, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ரசீது உண்டா என்று பார்க்கிறார். எஞ்சின் மாறியிருந்தால் விலையில் பெரும் பங்கு அப்படியே போய்விடும். ஒரே வருஷம், ஒரே நிறம், ஒரே மாடல் இரண்டு கார்களில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு விலை போவது இதனால்தான்.

எது அசல் கார் என்ற இந்தக் கேள்வி லண்டனில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி, 1929, 1930 இரண்டு வருஷமும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். பிறகு அதில் வேறு எஞ்சின் வைத்தார்கள். 1932-இல் பிரூக்லாண்ட்ஸ் தடத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டியவர் இறந்தார். அதன் பின் வேறு உடல் கட்டினார்கள். 1990-இல் அதற்கு ஒரு கோடி பவுண்டு விலை பேசி முடித்தார்கள். கடைசி நேரத்தில் வாங்க வந்தவர் பின்வாங்கினார். லே மானில் ஓடிய பாகங்களில் ஏறக்குறைய எதுவுமே இப்போது இதில் இல்லை, பின்னே இது எப்படி அந்தக் கார் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நீதிபதி ஆட்டன் அதை வேறு விதமாகப் பார்த்தார். இந்தக் காரின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு எந்தக் காரும் இல்லை, ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். தொடர்ச்சி அறுபடாமல் இருப்பதே ஒரு காரை அந்தக் கார் ஆக்குகிறது என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். 2019-இல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் 250 ஜிடிஓவைக் கலைப்படைப்பாகவே ஏற்றுக்கொண்டு, அதை நகல் எடுக்கத் தடை விதித்தது.

சான்றின் மீது இவ்வளவு பசி இருப்பதால் ரசனையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பழைய காரைப் பளபளவென்று புதுப்பித்துத்தான் விற்பார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் நேர்மாறாக நடந்தது. பிரான்ஸில் பையோன் குடும்பத்தின் பண்ணைக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்த 59 கார்களைத் தூசியும் துருவுமாக அப்படியே மேடையேற்றினார்கள். அதில் நடிகர் அலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அது ஒரு கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. கை படாத தூசி, 'யாரும் இதில் எதையும் மாற்றவில்லை' என்பதற்குச் சாட்சி. பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று.

கேள்வி: காரை வைத்து என்ன செய்யலாம் என்பதும் விலையைப் பாதிக்குமா?
– காரைக்கால் வாசகர்

பதில்: நன்றாகவே பாதிக்கும். இத்தாலியில் மில்லே மில்யா என்ற ஆயிரம் மைல் பந்தயம் 1927 முதல் 1957 வரை நடந்தது. இப்போது அது பழைய கார்களின் ஊர்வலப் பந்தயமாக நடக்கிறது. அந்த முப்பது வருஷத்தில் ஓடிய மாடல்களுக்குத்தான் அனுமதி. அதனால் அந்தப் பட்டியலில் இருக்கிற காருக்கு ஒரு விலை, அடுத்த வருஷம் பிறந்த தம்பிக்கு வேறு விலை.

அரசாங்க விதிகளும் விலையை ஆட்டிவைக்கின்றன. அமெரிக்காவில் 25 வருஷம் தாண்டிய வெளிநாட்டுக் காரைப் பாதுகாப்பு விதிகளின் தொல்லை இல்லாமல் இறக்குமதி செய்யலாம். ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்கள் ஒவ்வொரு தலைமுறையாக அந்த வயதை எட்ட எட்ட, அமெரிக்க வாங்குபவர்கள் வரிசை கட்டி விலையை ஏற்றினார்கள். பிரிட்டனில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கார் தேய்ந்து போகும் பொருள்தானே என்று வைத்த விதி. கோடிகளில் ஏறும் காருக்கும் அதுவே பொருந்துகிறது. பணக்காரர்கள் ஏன் ஓவியத்தை விட்டுவிட்டுக் கார் வாங்குகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. இதற்கும் ஒரு நாள் அப்படி விலை வருமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: கோடி வராது. சென்னையிலேயே 1961 முதல் செய்த கார் அது. பந்தயத்துக்குச் செய்ததில்லை, குடும்பத்துக்குச் செய்தது. ஆனால் அதன் உடலை வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர், ஃபெராரிக்கும் கார் வரைந்த அதே கை. அந்த மதிப்பு அதற்கு உண்டு.

2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓட்டாத வண்டியை 'விஏ' எண்ணோடு பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்று அந்த விதியே கேட்கிறது. அதனால் டீசல் எஞ்சின் வைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். பழைய ஆர்.சி. புத்தகம், வாங்கிய ரசீது, தாத்தா காரோடு நிற்கும் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, காரின் சாவியோடு சேர்த்து வையுங்கள்.